அந்த மாடு எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. பெரிய பாறை ஒன்றை ஆட்கள் சேர்ந்து நெம்புகிற சிலை. அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சென்னையில் இருப்பவர்கள் பஸ்ஸில் அந்தப் பக்கம் நூறு தடவையாவது போயிருப்பீர்கள். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்திருப்பீர்கள். மனசுக்குள் எண்ணிப் பாருங்கள்.

நான்கு பேர். மூன்று என்றோ ஐந்து என்றோ சொன்னவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஓவியம் படிக்கிற எங்கள் வகுப்பிலேயே பாதிப்பேர் தப்பாகத்தான் சொன்னார்கள். அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியைத்தான் சொல்கிறேன். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி, பிறகு கல்லூரியானது. கல்லூரிக் காவலாளி ஒருவரே அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றார் என்று எங்களிடையே இன்றும் சொல்வார்கள். 1959 முதல் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கிற சிலை அது. எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நின்று பார்க்கவில்லை. இன்று நான் பேச வந்தது அந்த நிற்பதைப் பற்றித்தான்.

முதலாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வாரம் ஒரு கண்காட்சி பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுத வேண்டும். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அப்போது ஒரு குழுக் கண்காட்சி நடந்தது. போனேன். நாற்பது ஓவியங்களையும் இருபது நிமிடத்தில் முடித்தேன். தலைப்பு, ஓவியர் பெயர், எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, அளவு என்ன, எல்லாம் எழுதி இரண்டு பக்கம் நிரப்பிவிட்டேன். ஆசிரியர் நோட்டை வாங்கினார், படிக்கவே இல்லை. மூடி வைத்துவிட்டு, "உனக்குப் பிடித்த படம் ஒன்றைச் சொல். அதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. பிடித்த படம் என்று ஒன்றை எடுத்துச் சொல்லவே முடியவில்லை.

ஜவுளிக்கடையில் நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு புடவையை எடுத்தால் முந்தியைப் பிரிக்கிறோம், பின்பக்கம் திருப்பி நூல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறோம், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடிக்கிறோம், விரலால் தேய்க்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் அபிப்பிராயம் கேட்கிறோம். கால் மணி நேரம் அந்த ஒரு புடவைக்கே போகும். பார்க்கத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. அதே நாம் கண்காட்சிக்குள் நுழைந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நமக்கு என்ன புரியப் போகிறது" என்று நடக்க ஆரம்பித்துவிடுகிறோம். அந்த நினைப்பு தப்பு. அது தப்பு என்று எனக்குக் காட்டியவர் என் அம்மா. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான்கு வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கத்தில். வீட்டில் எப்போதும் இரண்டு மாடு இருக்கும். அம்மாவுக்கு விடிகாலையில் பால் கறப்பதிலிருந்து ராத்திரி வைக்கோல் போடுவது வரை அவற்றோடுதான் பொழுது. ஒரு பொங்கல் விடுமுறையில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதுவரை அவர் உள்ளே போனதில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "வேணாம்மா, இங்க போட்டுக்கலாம்" என்றேன். "உள்ள சாமி இருக்குல்ல?" என்றார். வெறுங்காலோடுதான் வந்தார்.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் செப்புத் திருமேனி இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தது, 1011-ஆம் ஆண்டு என்று கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள். பாம்புகளைச் சுற்றி முடிந்த சடை தலைப்பாகை போல இருக்கும். கால் மாற்றி வைத்து ஒய்யாரமாக நிற்கும் கோலம். அதற்கு முன்பே நான் அங்கே உட்கார்ந்து அந்தச் சிலையை மூன்று முறை வரைந்திருந்தேன். தலைப்பாகையை வரைந்தேன், இடுப்பு வளைவை வரைந்தேன், ஆசிரியரிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன். அம்மாவிடம் சோழர் காலம், செப்புக் கலவை, உடல் வளைவு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் நின்றார். இடது பக்கம் போய்ப் பார்த்தார், வலது பக்கம் வந்து பார்த்தார். அப்புறம், "ஏண்டி, மாடு எங்க?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"மாட்டு மேல சாஞ்சுல்ல நிக்கிறாரு. கையைப் பாரு" என்றார்.

பார்த்தேன். சிலையின் வலது கை முழங்கையில் மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. விரல்கள் தளர்ந்து இருக்கின்றன. எதன் மேலோ பாரத்தைப் போட்டு ஓய்வாக வைத்த கை அது. ஆனால் அதன் கீழே ஒன்றும் இல்லை, காற்றுதான். அந்த ரிஷபம் கிடைக்கவே இல்லை. சாய்ந்து நிற்கிற சாமி மட்டும் இருக்கிறார். ரிஷபவாகனர் என்று பெயரிலேயே காளை இருக்கிறது, நானும் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்று முறை அந்தக் கையை வரைந்த எனக்கு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா அதோடு விடவில்லை. அங்கேயே நின்று தன் கையை அதே மாதிரி மடக்கிக் காட்டினார். "திமிலுக்குப் பக்கத்துல இப்படித்தான் வைப்போம். மாடும் அசையாம நிக்கும், பழகின மாடா இருந்தா" என்றார். பழகின மாடு! எனக்கு அந்த வார்த்தை போதும். செப்பில் வார்த்த ஒரு கை, பக்கத்தில் இல்லாத ஒரு மிருகத்தின் உயரத்தையும் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறது என்றால், அதைச் செய்த சிற்பி மாட்டோடு நின்று பழகியவராகத்தான் இருக்க வேண்டும். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இப்போதும் போனில் பேசும்போது அம்மா நடுவில் கேட்பார், "அந்த மாடு கிடைச்சுதா?" என்று.

ஆகவே நேயர்களே, நான் திரும்பவும் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். தையல் தெரிந்தவர் துணி மடிப்பைப் பாருங்கள். சமையல் செய்கிறவர் ஓவியத்தில் இருக்கிற பாத்திரத்தைப் பாருங்கள். தச்சு வேலை செய்கிறவருக்குச் சட்டத்தின் மூலைப் பொருத்தத்தில்கூடப் பார்க்க ஏதாவது இருக்கும்.

சரி, அடுத்தது கொச்சி. முதலாம் ஆண்டு படிக்கும்போது நண்பர்கள் ஆறு பேர் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து படகில் கோட்டைக் கொச்சிக்குப் போனோம். கொச்சி முசிறி பியென்னாலே என்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்துவதென்று 2012-இல் ஆரம்பித்த பெரிய கலைக் கண்காட்சி. நாங்கள் பார்த்தது 2016 டிசம்பரில் தொடங்கிய மூன்றாவது பதிப்பு. ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று கடலோரத்தில் ஒரு பழைய வியாபாரக் கம்பெனிக் கட்டடம், மிளகும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த இடம். அதன் கிடங்கு ஒன்றுக்குள் கடல் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீர். செருப்பைக் கழற்றி, உடையைத் தூக்கிக்கொண்டு, அந்த நீளமான கூடத்தில் தண்ணீருக்குள் நடந்து கடைசிச் சுவருக்குப் போக வேண்டும். வழியெல்லாம் பக்கச் சுவர்களில் கேள்விகள். கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற மாதிரிக் கேள்விகள்.

அதைச் செய்தவர் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரித்தா. 1973-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கைதாகி, கப்பலில் அடைக்கப்பட்டவர். 2015-இல் துருக்கிக் கடற்கரையில் முகம் குப்புறக் கிடந்த சிரியாக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே படகு கவிழ்ந்து அவன் அண்ணன் காலிப்பும் இறந்தான். அந்த அண்ணனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. உலகம் பார்க்காத அந்தப் பையனுக்காகத்தான் இந்தத் தண்ணீர். கடைசிச் சுவரில் இருந்த கவிதையில், நான் அவன் தகப்பன் இல்லை, ஆனாலும் அவன் என் மகன் என்கிற பொருளில் சுரித்தா எழுதியிருந்தார்.

எனக்கு முன்னால் உள்ளூர்ப் பெண் ஒருவர் கைக்குழந்தையோடு நடந்துகொண்டிருந்தார். சுவரில் இருந்த ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை போல. அங்கே உதவிக்கு நின்ற மாணவர் ஒருவர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே அந்தப் பெண் குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீரிலிருந்து இன்னும் ஒரு முழம் மேலே. அவ்வளவுதான் செய்தார். நான் அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன், வெளியே வரும்போது பாதம் ஊறிச் சுருங்கியிருந்தது. அந்தப் பயணத்தில் வேறு என்னென்ன பார்த்தேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் யோசிக்காமலே ஞாபகம் வருகிறது.

அடுத்து உரைகள். ஆர்டிஸ்ட் டாக் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்கிற, படைப்பாளிகள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிற கூட்டங்கள். இவற்றில் எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. எந்த ஊரில் எத்தனை கண்காட்சி, என்ன விருது என்று பட்டியல் வாசித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாதியில் நிற்கிற வேலையைக் கையோடு கொண்டுவந்து காட்டுகிறவர்தான் நமக்கு ஏதாவது தருகிறார்.

சுவாமிமலையிலிருந்து வந்த ஒரு ஸ்தபதி அப்படித்தான் வந்தார். மேடையில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மெழுகு உருண்டையை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்தது. கூடம் முழுக்க அந்த வாசனை. பக்கத்தில் ஒரு தென்னங்கீற்று. சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளவு பிரித்தார். ஸ்கேல் கிடையாது. மெழுகில் உருவம் முடிந்ததும் அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுவது, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது, கடைசியில் மண்ணை உடைத்து எடுப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். மண் அச்சு உடைந்துவிடுவதால் ஒரு அச்சில் ஒரு சிலைதான்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவர் எழுந்து, "உங்களுக்கு எது உந்துதல்?" என்று கேட்டார். ஸ்தபதி கையிலிருந்த மெழுகைக் காட்டினார். "இது இறுகுறதுக்குள்ள விரல முடிச்சாகணும் தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊத்தின ராத்திரி தூக்கம் வராது. உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். எனக்கு உடனே திருவெண்காட்டுச் சிலையின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. அந்த விரல்களையும் யாரோ மெழுகு இறுகுவதற்குள் முடித்திருக்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்னால். அன்றும் யாரோ ஒருவர் தூங்காமல் காத்திருந்திருப்பார்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டும் என்று குறிப்பெடுத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் உருவாக்கிய கிராமம் அது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில், மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பாத்திக் துணிகளைச் செய்து விற்ற பணத்தில் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். அங்கேயுள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால் பணிக்கரின் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். ஜாதகக் கட்டம், கணக்கு, எழுத்துப் போலத் தெரிந்தும் வாசிக்க முடியாத கிறுக்கல் என்று ஏதோ பழைய நோட்டைப் பிரித்த மாதிரி இருக்கும். வாசிக்க முயலாமல் கொஞ்ச நேரம் அதன் முன்னால் இருங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே செப்புத் திருமேனிகளுக்கென்று தனிக் கூடமே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள். அம்மாவையோ பாட்டியையோ கூட்டிப்போங்கள். அவர்கள் எந்தச் சிலை முன்னால் நிற்கிறார்களோ, நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

வணக்கம்.