அறுந்த பெல்ட்டைக் குப்பையில் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் அல் பதாயர் என்று ஓர் இடம். சாலையை ஒட்டிச் செந்நிறத்தில் பெரிய மணல்மேடு நிற்கும். ‘பிக் ரெட்’ என்பார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அங்கே குவாட் பைக், அதாவது மணலில் ஓட்டும் நாலு சக்கர பைக், வாடகைக்கு விடுகிறார்கள். அப்படி ஒரு கேம்பில் ஆறு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். அந்த வண்டிகளின் கிளட்ச், பெல்ட் கோளாறுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ‘நம்மிடம் ஏது குவாட் பைக்’ என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு கியர் இல்லாத ஸ்கூட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இதன் தம்பிதான்.

இரண்டு புல்லி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். ஒரு புல்லி எஞ்சின் பக்கம், மற்றது கியர்பாக்ஸ் பக்கம். எஞ்சின் வேகம் கூடும்போது முன் புல்லிக்குள் இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் தள்ளி, அதன் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின் புல்லியின் தட்டுகள் விரிந்துகொடுக்க, அங்கே பெல்ட் உள்ளே இறங்கும். வண்டி தானாகவே கியர் மாறுகிறது என்பது இதைத்தான். அமெரிக்காவின் போலாரிஸ் கம்பெனி 1985இல் ஏ.டி.வி., அதாவது இந்தக் குவாட் பைக், விற்க வந்ததே இந்த ஏற்பாட்டோடுதான். ஹோண்டாவின் பெரும்பாலான ஏ.டி.வி.களில் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரம்தான். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது டீ குடிக்கப் போகலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். போலாரிஸ் போன்ற வண்டிகளில் எஞ்சின் சும்மா ஓடும்போது பெல்ட் தளர்வாகக் கிடக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால்தான் புல்லி அதைக் கவ்வும். அதாவது அங்கே பெல்ட்டே கிளட்ச் வேலையும் பார்க்கிறது. முழுசாகக் கவ்வாமல் உரசிக்கொண்டே ஓடினால் சூடாகும், கருகும்.

நான் சேர்ந்த முதல் வாரம். பெல்ட் அறுந்து ஒரு வண்டி வந்தது. பழையதை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டி அனுப்பினேன். மதியத்துக்குள் அதே வண்டி, அதே கோளாறு. எங்கள் தலைமை மெக்கானிக் கேரளக்காரர், சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். என்னை ஒன்றும் சொல்லாமல் குப்பைத்தொட்டியில் கையை விட்டுப் பழைய பெல்ட்டை எடுத்தார். பக்கங்கள் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. “இது சூட்டில் செத்தது. புதுசையும் சூடு விடுமா?” என்றார். பெல்ட் பெட்டிக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றினால், அதன் ஸ்பாஞ்ச் முழுக்க மாவு மாதிரி மணல். காற்று போக வழியே இல்லை. அர்பாப், அதாவது முதலாளி, பெல்ட் விலையைச் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்றிலிருந்து செத்த பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் புதுசைப் பிரிப்பதில்லை. முழு நீளத்திலும் பக்கம் மின்னினால் சூடும் வழுக்கலும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கருகிக் குறுகியிருந்தால், வண்டி மணலில் புதைந்து நிற்கும்போது யாரோ ஆக்சிலரேட்டரை விடாமல் அழுத்தியிருக்கிறார். கிளம்பும்போது டக் டக் என்று உதைப்பது இதனால்தான். அந்த பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை. பிரிந்த நூல் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஆயில் கசியாமல் அடைக்கும் சீலை வெட்டும். ஆயில் கசிந்து புது பெல்ட்டும் வழுக்கும். ஆகவே துண்டு துணுக்கு எல்லாம் பொறுக்கி எடுத்த பிறகுதான் மூடியைப் போட வேண்டும்.

பெல்ட்டைக் குற்றம் சொல்லக் கூடாத இடமும் உண்டு. கேம்பில் ஒரு பையன் வண்டிகளை பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுவான். மறுநாள் காலை எஞ்சின் அலறும், வண்டி நகராது. பெல்ட் போய்விட்டது என்று ஸ்பானரைத் தூக்குவோம். போனது பெல்ட் இல்லை, உள்ளே புகுந்தது தண்ணீர். பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து, நியூட்ரலில் விட்டு விட்டு ரேஸ் கொடுத்தால் காற்றே உலர்த்திவிடும். அப்புறம் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் சரி.

எஞ்சின் சும்மா ஓடும்போதே வண்டி தானாக ஊர்கிறதா, கியர் போடும்போது கரகரவென்று கத்துகிறதா? முன் புல்லி பெல்ட்டை விடவில்லை. ஐடில் வேகம், அதாவது சும்மா ஓடும்போதுள்ள வேகம், கூடியிருக்கலாம், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், தட்டுகளில் அழுக்கு ஏறியிருக்கலாம், பெல்ட்டே இறுக்கமாக இருக்கலாம். ஐடிலை முதலில் பாருங்கள், அதற்குக் காசு ஆகாது. தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். ‘சுலபமாக ஓடட்டும்’ என்று கிரீஸ் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் பிடிமானத்தில் ஓடுகிறது ஐயா, வழுக்கலில் அல்ல.

மேடு ஏறவும் பாரம் இழுக்கவும் லோ கியர்தான். ஹையில் போட்டு மெல்ல ஏறுகிறவர்களால்தான் எங்களுக்குப் பாதி வேலை வந்தது. ஸ்கூட்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளம்பும்போது வண்டி நடுங்கினால் முதலில் பின்னால் இருக்கும் கிளட்ச் ஷூவில் தூசியும் பளபளப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பிக்கப் விட்டு விட்டு வந்தால், முன் புல்லிக்குள் எடைகளாக இருக்கும் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும்.

புது பெல்ட் மாட்டினால் முதல் 80 கிலோமீட்டர் போல அமைதியாக ஓட்ட வேண்டும், அப்போதுதான் புல்லியோடு பழகும். வாடகை வண்டியில் வருகிறவர் அமைதியாக ஓட்டுவாரா? அதனால் சேட்டன் விடியற்காலையில் எழுந்து, ஒரு கையில் சுலைமானி, அதாவது பால் இல்லாத டீ, டம்ளரோடு, கேம்ப் வேலியைச் சுற்றிச் சுற்றித் தானே ஓட்டுவார், மூன்று நான்கு நாள். நாங்கள் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்போம்.

வணக்கம்.