பேச்சைப் படிக்க ஒரு முதுநிலைப் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். தமிழோ மொழியியலோ பட்டப்படிப்பாகப் படித்தவர்கள் பலர், கணினி பக்கம் நமக்கு வேலை இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேச்சு, மொழிச் செயலாக்கத்துக்கென்றே, அதாவது மனிதர் பேச்சையும் மொழியையும் கணினி கையாளச் செய்யும் துறைக்கென்றே, ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. மொழியியல் படித்தவரும் கணினி படித்தவரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒருவருக்கு நிரல் புதிது, மற்றவருக்கு ஒலியியல் புதிது. பாடங்கள் முடிந்ததும் கோடை மாதங்கள் ஆய்வேட்டுக்கு.

எழுத்தைக் குரலாக்கும் ஃபெஸ்டிவல் என்ற மென்பொருள் 1990களில் அங்கே உருவானது. மூலநிரலோடு இலவசமாகவே வெளியிட்டார்கள். சென்னை ஐஐடி தலைமையில் இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கிய குழு அதைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. பார்வையற்றவர்கள் கணினித் திரையைத் தமிழில் கேட்க அந்தக் குரல் உதவியது. இந்தத் துறையின் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இது ஒன்றே போதும்.

சரி, தமிழ் படித்தவருக்கு இதில் என்ன வேலை? 'அக்கா', 'அகம்', 'தங்கம்' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ககரம்தான், ஒலியோ மூன்று விதம். பேச்சொலியை ஆராய உதவும் பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தால், 'அக்கா'வின் நடுவே அலை அடங்கி ஓர் இடைவெளி பளிச்சென்று தெரியும். நாக்கு மூச்சை அடைத்து நிற்கும் நேரம் அது. 'அகம்' என்பதில் அந்த இடைவெளி இருக்காது, ஒலி தொடர்ந்து ஓடும். எந்த இடத்தில் எந்தக் ககரம் என்று கணினிக்கு விதி எழுதவும், தரவு தயாரிக்கவும், பிழை பார்க்கவும் தமிழ் ஒலியியல் தெரிந்தவர் வேண்டும்.

பேச்சை எழுத்தாக்குவது இதைவிடக் கடினம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று யார் பேசுகிறார்கள்? 'வந்துட்டிருக்கேன்' என்போம், ஊருக்கு ஊர் அதுவும் மாறும். செய்தி வாசிப்பை மட்டும் கேட்டுப் பழகிய கணினி சந்தைப் பேச்சில் திணறும்.

வெளிநாட்டுக் கட்டணம் அதிகம்தான். பொறியியல் முடித்தவர்கள் சென்னை ஐஐடியில் ஆய்வுப் படிப்பாகவும் இந்தத் துறைக்குள் வரலாம். எங்கே சேர்வதானாலும் பைத்தான் என்ற நிரல்மொழியும் கொஞ்சம் நிகழ்தகவுக் கணிதமும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். அப்புறம், உங்கள் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் பதிவுசெய்து, ஒரு சொல் விடாமல் எழுதிப் பாருங்கள். எப்படி எழுதுவது என்று தயங்கிய இடங்களைக் குறித்துவையுங்கள். விண்ணப்பத்தில் எழுத அதுவே நல்ல விஷயம். நன்றி, வணக்கம்.