நிழலுருவத்தைக் கத்தரித்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

புகைப்படம் பரவுவதற்கு முந்தைய தலைமுறைகளில், ஓவியரை அமர்த்தி எண்ணெய் வண்ணத்தில் உருவம் தீட்டிக்கொள்ள வசதியில்லாத ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்கள் பல, தங்கள் முகத்தின் பக்கவாட்டு வடிவத்தை ‘நிழலுருவம்’ என்ற பெயரில் தாளில் கத்தரித்து வாங்கிச் சட்டமிட்டு மாட்டி வைத்தன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் மலிவான வேலை என்பதால், அவற்றில் பெரும்பாலானவற்றில் செய்தவரின் கையெழுத்து இல்லை. ஆகவே அப்படியொரு படம் இன்று ஏலத்துக்கு வரும்போது வாங்குபவர்கள் முதலில் தேடுவது, செய்தவரோ கடையோ தாளில் பதித்த முத்திரையைத்தான். அந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கத்தரித்த முறையை முதலில் பார்க்க வேண்டும். கருப்புத் தாளில் உருவத்தை வெட்டி எடுத்து வெள்ளை அட்டையில் ஒட்டுவது ஒரு முறை. வெள்ளைத் தாளின் நடுவில் முகத்தின் வடிவத்தை வெட்டி நீக்கிவிட்டு, அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் கருப்புத் தாளையோ துணியையோ வைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது முறை, கருவியால் கோடு வரைந்து வெட்டியவர்களிடம் மிகுதி.

ஃபிலடெல்ஃபியாவில் சார்ல்ஸ் வில்சன் பீல் நடத்திய அருங்காட்சியகத்தில் 1802ஆம் ஆண்டு அத்தகைய கருவி ஒன்று நிறுவப்பட்டது. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் உருவாக்கிய அந்தக் கருவியில், அமர்ந்திருப்பவரின் முகத்தை ஒட்டி ஒரு முனை நகர, அதே கோட்டை மறுமுனை சிறிதாக்கித் தாளில் பதிக்கும். தாளை நான்காக மடித்து வெட்டியதால் ஒரே நேரத்தில் நான்கு படிகள் கிடைத்தன. வெட்டியவர் மோசஸ் வில்லியம்ஸ். பீலின் வீட்டில் அடிமையாக வளர்ந்து, அதே 1802இல் விடுதலை பெற்றவர். கட்டணம் எட்டு சென்ட். 1803ஆம் ஆண்டில் மட்டும் 8,880 முகங்கள் வெட்டப்பட்டதாகப் பீல் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் தாளின் அடியில் அழுத்திப் பதித்த முத்திரையில் இருப்பது அருங்காட்சியகத்தின் பெயர். வில்லியம்ஸின் பெயரை அதில் காண முடியாது. இவற்றை நெடுங்காலம் ‘பீலின் படங்கள்’ என்றே சேகரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். விற்பனைக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஃபிலடெல்ஃபியாவின் பழைய நூலகம் ஒன்றில், ‘மோசஸ் வில்லியம்ஸ், முக உருவங்களை வெட்டுபவர்’ என்று எழுதப்பட்ட நிழலுருவம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர் பீலின் மகன் ரஃபேல் என்று முன்பு பதிவு செய்திருந்தார்கள். அது வில்லியம்ஸ் தானே வெட்டிய தன் உருவமாக இருக்கலாம் என்று பின்னர் கலை வரலாற்றாய்வாளர் ஒருவர் வாதிட்டார். பிறரின் முகங்களை ஆயிரக்கணக்கில் வெட்டியவரின் சொந்த முகமே வேறொருவர் பெயரில் கிடந்தது என்றால், முத்திரையையும் மரபுவழிப் பதிவையும் எவ்வளவு எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சிறுவயதிலேயே கத்தரிக்கோல் திறமைக்காக விளம்பரப்படுத்தப்பட்ட ஹூபார்டின் பெயரில் நடந்த காட்சிக்கூடத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அங்கே வேறு ஆட்களும் வெட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். இத்தகைய இடங்களில் முத்திரை நமக்குக் கடையைக் காட்டுகிறது, அவ்வளவே. போதாக்குறைக்குப் போலி முத்திரைகளும் உண்டு. பழைய புத்தகங்களின் எழுதப்படாத தாள்களை உருவி எடுத்து வெட்டினால், தாளின் வயதும் கண்ணை ஏமாற்றிவிடும்.

இதற்கு நேர்மாறானவர் பிரான்சில் 1789இல் பிறந்த ஒகுஸ்த் எடுவார். கருவிகளை வெறுத்தவர், கண்ணால் பார்த்துக் கத்தரிக்கோலால், பெரும்பாலும் முழு உருவமாகவே வெட்டினார். பொன் வண்ணம் பூசி அழகுபடுத்துவதையும் அவர் ஏற்கவில்லை. எனவே மயிரிழைகளில் பொன்னிறம் மின்னும் படம் அவர் பெயரில் வந்தால் ஐயப்படுவதே முறை. தாளை இரண்டாக மடித்து வெட்டி, ஒன்றை வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெயர், ஊர், தேதி எழுதித் தம்மிடம் வைத்துக்கொண்டார். பத்தாண்டுக்கால அமெரிக்க வாசத்துக்குப் பின் 1849இல் அவர் திரும்பி வந்த கப்பல் கர்ன்சி தீவருகே உடைந்து, சேமிப்பில் பெரும்பகுதி கடலோடு போனது. பிழைத்த படிகள் அடங்கிய ஏடுகளை, தமக்கு அடைக்கலம் தந்த குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை வெளியே வந்த பிறகு, கையெழுத்தில்லாத படத்தைக்கூட அதன் இணைப்படியோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தும் வாய்ப்பு ஏற்பட்டது.

இணைப்படி கிடைக்காதபோது வெட்டிய விதத்தையே படிக்க வேண்டும். மார்புக்குக் கீழே உருவம் முடியும் வளைவு, சட்டைக் கழுத்துக்காக விடப்பட்ட மெல்லிய கீற்று, இமையைக் காட்டும் நுண்ணிய வெட்டு ஆகியவை கைப்பழக்கத்தால் வருபவை; ஒருவரிடம் பெரிதாக மாறுவதில்லை. என் அனுபவத்தில் மார்பின் முடிவு வளைவு மூக்கைவிட நம்பகமானது, ஏனெனில் மூக்கு அமர்ந்தவருடையது, வளைவு வெட்டியவருடையது. இப்படிக் கைப்பழக்கம் மட்டும் தெரிந்து பெயர் தெரியாத ஒருவரை, அவர் படங்களிலுள்ள பெண்களின் உப்பிய சட்டைக்கைகளை அடையாளமாக வைத்தே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘உப்பிய கைச்சட்டைக் கலைஞர்’ என்று குறித்து வருகிறார்கள்.