லயத்துக் குழாயின் கதை

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கின் குடிநீர் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் யாரும் அணைக்கட்டில்தான் தொடங்குவார்கள். ஆயர் ஈத்தாம் அணை 1962, மெங்குவாங் அணை 1985, தெலுக் பாஹாங் அணை 1999 என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நான் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தெற்கில், நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லயத்து முனையில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளின் முனையில், நின்ற இரும்புக் குழாய் ஒன்றுதான். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை யார் கொடுத்தார்கள், பக்கத்து ஊரில் எப்போதோ வந்துவிட்ட நல்ல தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வர ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அணைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், இதைப் பற்றி எழுதியது ரொம்பக் குறைவு.

முதலில் தீவைப் பார்த்துவிடுவோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துத் தண்ணீர்மலைக்குப் போகிறோம் இல்லையா, ஜோர்ஜ்டவுன் பட்டணத்துக்கு ஆரம்பக் காலத்தில் குடிநீர் கொடுத்தது அங்கே விழும் அருவிதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கிருந்து கால்வாய் கட்டி, பட்டணத்துக்கும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் பட்டணம் பெருத்தது, அருவி நீர் போதவில்லை, அங்கே நீர்த்தேக்கம் கட்டினார்கள். அதற்காக அருவிக்கரையில் நம்மவர்கள் வைத்துக் கும்பிட்ட முருகன் சன்னதி இடம் மாற வேண்டி வந்தது, மலையில் புதிய கோயில் 1915-இல் எழுந்தது. பட்டணத்துக் குழாய்க்காக நம் சாமியே இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதைத் தைப்பூசத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய நிலம் அது, இன்றைய செபராங் பிறைக்கு அன்றைக்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயர். 1840-களில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. கடலோரத் தாழ்ந்த பூமி, சதுப்பு, வாய்க்கால் வெட்டி நீரை வடித்துத்தான் கரும்பு நட முடியும். வெட்டிய கரும்பைப் படகில் ஏற்றி ஆலைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் அதே வாய்க்கால்களில்தான். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் ஆட்களைக் குடிவைத்தது அந்த ஈர மண்ணில். ஊரிலிருந்து வந்தவன் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், இங்கே தோண்டினால் உப்பு, தோண்டாவிட்டால் வாய்க்கால். வயிற்றுக்கடுப்பும் பேதியும் காய்ச்சலும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. 1873-இல் ஆல்மா தோட்டத்தில் தொழிலாளர்களை நடத்திய விதமும் அவர்கள் செத்த விதமும் அரசாங்க விசாரணை வரை போனது. பிரம்படியைப் பற்றித்தான் அப்போது அதிகம் பேசினார்கள், சரி, அது பேச வேண்டிய கொடுமைதான். ஆனால் தண்ணீர் சத்தமில்லாமல் கொன்றது, அதற்கு யாரையும் கூண்டில் ஏற்றவில்லை.

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பரும் தென்னையும் வந்தன, கங்காணி ஆள் கட்டிக் கூட்டி வந்தார். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, சுத்தமான குடிநீர் எல்லாவற்றையும் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. இந்த ஒரு ஏற்பாட்டை நேயர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தாமதத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. பட்டணத்தில் தண்ணீர் கொடுப்பது நகராட்சியின் வேலை. கம்பத்தில், அதாவது கிராமத்தில், அது அரசாங்கப் பொதுப்பணித் துறையின் வேலை. தோட்டத்துக்குள் அது துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின் வேலை. தோட்டம் தனியார் நிலம், அரசாங்கக் குழாய் தோட்டத்து வாசலோடு நின்றுவிடும்.

துரை என்ன செய்தார்? மலையோரத் தோட்டமாக இருந்தால் ஓடையை மறித்துச் சின்ன அணை கட்டி, மேலிருந்து குழாய் இறக்கி, தொட்டியில் தேக்கி லயத்துக்கு விட்டார்கள். பம்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தண்ணீர் தன் பாரத்திலேயே இறங்கி வந்துவிடும். எங்களுடையது போன்ற தரைத் தோட்டத்தில் அது நடக்காது. கிணறு அல்லது ஆறு, அதிலிருந்து எஞ்சின் வைத்து இறைத்து, உயரக் கட்டைமேல் நின்ற இரும்புத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரு லயத்துக்கு ஒரு குழாய், சில இடங்களில் இரண்டு லயத்துக்கு ஒன்று. துரை பங்களாவுக்கும் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்கும் குழாய் உள்ளேயே போகும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், இருட்டோடு குழாய் திறக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் அதற்குள் குடத்தை நிரப்ப வேண்டும், சோறாக்க வேண்டும், பிள்ளையை ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிப் போக வேண்டும், பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்கவும் வேண்டும். அதனால் முதல் நாள் ராத்திரியே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் படுப்பார்கள், யாருடைய குடம் என்று தெரிய சாயத்தில் அடையாளம் போட்டிருக்கும். குடத்தை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்குச் சண்டை, சாயங்காலம் அதே குழாயடியில் சமாதானம். இந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. ஆண்கள் தோளில் காண்டாத் தடி போட்டுப் பால் சுமந்தார்கள், அதற்குக் கூலி உண்டு. பெண்கள் மரமும் வெட்டினார்கள், அதற்கு மேல் தண்ணீரும் சுமந்தார்கள், தண்ணீருக்குக் கூலி கிடையாது. தோட்டக் கணக்குப் புத்தகத்தில் பம்புக்கு ஊற்றிய எண்ணெய்க்குக் கணக்கு இருந்தது, எங்கள் அம்மாக்கள் தூக்கிய தண்ணீருக்கு இல்லை.

மழை பெய்தால் குழாயில் செம்மண் நிறத்தில் வரும், படிகாரம் கலக்கித் தெளிய வைப்போம். வருஷத் தொடக்கத்தில் வடக்கே வெயில் காயும் மாதங்களில் தொட்டி அடி தட்டும். எஞ்சின் பழுதானால் டிராக்டரில் டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து அளந்து ஊற்றுவார்கள்.

இதே காலத்தில் வெளியே என்ன நடந்தது? கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், 1950 முதல், சீனக் குடும்பங்களைப் புதுக் கிராமங்களில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வேலி போட்டு அடைத்த வாழ்க்கை, அது அவர்கள் பட்ட வேதனை. ஆனாலும் அந்தக் கிராமம் அரசாங்கக் கணக்கில் வந்துவிட்டது, தண்ணீர் ஏற்பாடும் அதன்வழி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பங்களுக்கு ஊரக வளர்ச்சித் திட்டத்தில் தண்ணீர் போனது, குழாய் எட்டாத இடங்களில் சுகாதார அமைச்சின் ஆட்கள் மூடிய கிணறும், மலையிலிருந்து இறங்கும் குழாயும், மழைநீர்த் தொட்டியும் அமைத்துக் கொடுத்தார்கள். நல்ல வேலை, மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. தோட்டத்து லயம் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராமல் நடுவில் மாட்டிக்கொண்டது. அரசாங்கம் தனியார் நிலம் என்றது, தோட்டம் செலவு என்றது.

அதைவிட மோசமானது தோட்டத் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். பத்து ஏக்கர் வாங்கியவருக்குப் பொதுத் தொட்டியும் பம்பும் எதற்கு? வேலை போன குடும்பத்துக்கு அடுத்து குழாயும் போனது. அந்த ஆபத்தைப் பார்த்துத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளியே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்கட்டும் என்று. 1966-இல் தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வைத்துச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் வந்த 446-ஆம் சட்டம், பொதுக் குழாயிலிருந்து போதுமான தண்ணீரைத் தொழிலாளர் வீட்டுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. கரும்புக் காலத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய 150 ஆண்டுகள்.

இனி அரசாங்கப் பக்கம். 1973-இல் பினாங்கு நீர் வாரியம் உருவாகி, பட்டணத்துத் தண்ணீரும் பெருநிலத்துத் தண்ணீரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. முடா ஆற்றில் லஹார் தியாங்கில் நீர் எடுத்து, கால்வாய் வழியாக சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து செபராங் பிறைக்கும், கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். இன்றைக்குப் பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரு ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. மெங்குவாங் அணையை 23.6 பில்லியன் லிட்டரிலிருந்து 86.4 பில்லியன் லிட்டர் கொள்ளும்படி பெரிதாக்கியது பெரிய காரியம்தான், ஆனால் அதுவும் ஆற்று நீரை இறைத்துச் சேமிக்கிற அணை, ஆறு நன்றாக இருந்தால்தான் அது நிறையும். ஆறோ கெடாவின் உலு முடா காட்டிலிருந்து வருகிறது. அங்கே மரம் வெட்டுவதைப் பற்றியும், தண்ணீருக்குப் பணம் கேட்பதைப் பற்றியும் இரண்டு மாநில அரசியல்வாதிகள் வாதாடுவதைச் செய்தியில் கேட்கிறோம். காடு போனால் இரண்டு மாநிலத்துக்கும் வாதாட ஒன்றும் மிஞ்சாது என்பது என் கருத்து.

2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் பழைய வால்வை மாற்ற நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது அடுக்குமாடி வீடுகளில் எல்லோரும் வாளியோடு கீழே இறங்கி லாரிக்குக் காத்து நின்றதைப் பார்த்தோம். தோட்டத்தில் வளர்ந்த அக்காமார்கள் மட்டும் முதல் நாளே அண்டாவையும் டிரம்மையும் நிரப்பி மூடி வைத்திருந்தார்கள்.

இப்போது லயங்கள் பெரும்பாலும் இல்லை. பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் இரண்டாவது பாலமும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன, தொட்டி நின்ற இடத்தைக் காட்டக்கூட ஆள் குறைந்துவிட்டது. அதனால் நேயர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர் என்ன, தண்ணீர் ஓடையா கிணறா ஆறா, தொட்டி எங்கே நின்றது, ஒரு குழாய்க்கு எத்தனை வீடு, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், அரசாங்கத் தண்ணீர் எந்த வருஷம் வந்தது, அதற்காக யார் மனுப் போட்டார்கள், தோட்டத்து ஆலயக் கமிட்டியா, தொழிற்சங்கமா, பள்ளி வாத்தியாரா. குழாயடியில் எடுத்த படம் ஏதாவது கல்யாண ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் பின்னால் ஊரும் வருஷமும் எழுதி வையுங்கள். பாட்டிகளிடம் முதலில் கேளுங்கள், தாத்தாக்களைவிட அவர்களுக்குத்தான் இது முழுசாகத் தெரியும்.