எதற்காக என்று கேட்கும் தேர்வு

நேயர்களுக்கு வணக்கம்.

தரமணியிலிருந்து சிறுசேரி வரை சர்வர் நிர்வாகம் பார்ப்பவர்களில் பலர், ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரின் முதல் சான்றிதழை வாங்கிய கையோடு அடுத்த படியான டிசைன் தேர்வுக்கும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். வேலை தெரியாதவர்கள் இல்லை. ஹோஸ்ட் ஒன்று, அதாவது அந்த மெஷின்களைத் தாங்கும் சர்வர், படுத்துவிட்டால் எந்தத் திரையில் எதைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துபடி. ஆனால் டிசைன் தேர்வு அதைக் கேட்பதில்லை. கொடுத்திருக்கும் விடைகளில் இரண்டு மூன்று நன்றாகவே வேலை செய்யும். இந்த வாடிக்கையாளருக்கு எது பொருந்தும், எதற்காக என்றுதான் கேட்கும். சிறந்த தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகிய கை அங்கேதான் தவறுகிறது.

தயாரிப்பை மென்பொருளிலிருந்து தொடங்காதீர்கள். வாடிக்கையாளர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். ரிக்வயர்மென்ட், கன்ஸ்ட்ரெயின்ட், அசம்ப்ஷன், ரிஸ்க் என்று நான்கு வகை. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். "தீபாவளி வாரத்தில் பில்லிங் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, போனாலும் 15 நிமிடக் கணக்குதான் போகலாம்" என்கிறார் முதலாளி. இது ரிக்வயர்மென்ட், முதல் பாதி ஆர்டிஓ, அதாவது மீண்டு எழ எடுக்கலாம் என்ற நேரம்; இரண்டாவது பாதி ஆர்பிஓ, அதாவது இழக்கலாம் என்ற டேட்டாவின் அளவு. "போன வருஷம் வாங்கிய ஸ்டோரேஜைத்தான் பயன்படுத்த வேண்டும்" என்றால் அது கன்ஸ்ட்ரெயின்ட். உங்கள் கையைக் கட்டுகிறது, அவ்வளவுதான். "இரண்டாவது இடத்துக்கு நெட்வொர்க் லைன் தீபாவளிக்குள் வந்துவிடும்" என்பது அசம்ப்ஷன். லைன் வராவிட்டால் என்ன ஆகும் என்பது ரிஸ்க். சரிபார்க்காத அசம்ப்ஷன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ரிஸ்க் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஜோடியாக எழுதிப் பழகினால் இந்தப் பகுதியில் தடுமாற்றம் குறையும்.

அடுத்தது மூன்று அடுக்குகள்: என்ன வேண்டும் என்ற கன்செப்சுவல், எப்படி அமையும் என்ற லாஜிகல், எந்தக் கருவி என்ற பிசிகல். இதில் விழும் குழி ஒன்றே ஒன்றுதான். லாஜிகல் படத்தில் கம்பெனிப் பெயர், மாடல் எண், ஐபி முகவரி எதுவும் வரக் கூடாது. "இவ்வளவு ஐஓபிஎஸ் தாங்கும் பொது ஸ்டோரேஜ்" என்பது லாஜிகல் (ஐஓபிஎஸ் என்றால் ஒரு நொடியில் நடக்கும் ரீட், ரைட்டுகளின் எண்ணிக்கை). எந்த டிஸ்க், எத்தனை, எந்த ரெய்டு, அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்து டேட்டாவைக் காக்கும் எந்த முறை என்று இறங்கிவிட்டால் பிசிகல்.

கணக்குக்கு வருவோம். 200 விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் 4 விசிபியு (விர்ச்சுவல் பிராசசர்), 24 ஜிபி மெமரி. ஒரு கோருக்கு நான்கு விசிபியு என்ற விகிதத்தில் 800 விசிபியுவுக்கு 200 கோர் வேண்டும். 32 கோர் உள்ள சர்வர் என்றால் 6.25, அதாவது 7. பலர் இங்கேயே ஒரு ஸ்பேர் சேர்த்து 8 என்று விடை குறித்துவிடுவார்கள். மெமரியைப் பாருங்கள்: மொத்தம் 4,800 ஜிபி. ஹோஸ்ட்டுக்கு 512 ஜிபி என்றால் 9.375, அதாவது 10. இரண்டில் பெரியதை எடுத்து, ஹெச்ஏவுக்கு, அதாவது ஒரு ஹோஸ்ட் விழுந்தாலும் அதன் மெஷின்கள் வேறொன்றில் எழுவதற்கு, ஒன்று சேர்த்தால் 11. வளர்ச்சிக்கு 20 சதவீதம் கேட்டிருந்தால் அதை முதலில் பெருக்க வேண்டும்: 5,760 ஜிபி, 12 ஹோஸ்ட், ஸ்பேரோடு 13. ஸ்பேரைச் சேர்த்துவிட்டுப் பெருக்கினால் 14 வரும். ஒரு சர்வர் வீண். இப்போது லைசென்ஸ் கோர் கணக்கில் வருவதால் அந்த ஒரு சர்வர் பெட்டியின் விலையோடு நிற்பதுமில்லை.

ஸ்டோரேஜில் ரைட் பெனால்டி, அதாவது ஒரு ரைட்டுக்கு டிஸ்க்குகள் செய்ய வேண்டிய கூடுதல் வேலை. மெஷின்கள் கேட்பது 10,000 ஐஓபிஎஸ், அதில் 70 சதவீதம் ரீட், 30 சதவீதம் ரைட். ரெய்டு 10-இல் ஒவ்வொரு ரைட்டும் இரண்டாகும், ரெய்டு 5-இல் நான்காகும், ரெய்டு 6-இல் ஆறாகும். டிஸ்க்குகள் தாங்க வேண்டியது முறையே 13,000, 19,000, 25,000. கொள்ளளவை மட்டும் பார்த்து ரெய்டு 6 குறித்தவர்கள் இந்த இடத்தில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். ஹோஸ்ட்டுகளின் டிஸ்க்குகளையே ஒரே ஸ்டோரேஜாக இணைக்கும் விசானின் பழைய ஓஎஸ்ஏ கட்டமைப்பில் ரெய்டு 5-க்குக் குறைந்தது 4 ஹோஸ்ட். நான்கே வைத்தால், ஒன்று விழும்போது டேட்டா பிழைக்கும். ஆனால் இழந்த பகுதியை மறுபடி கட்ட இடம் இருக்காது. அதனால் ஐந்து வைப்பதே நல்ல டிசைன். குறைந்தபட்சத்தையும் பரிந்துரையையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடப்பது.

இனி, சென்னைக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம், இரண்டாவது தளம். ஒரே ஹோஸ்ட் கூட்டத்தை இரண்டு தளங்களில் பரப்பும் விசான் ஸ்ட்ரெச்டு கிளஸ்டருக்கு, இரண்டு டேட்டா தளங்களுக்கு நடுவே தகவல் போய்வர 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோசெகண்ட். பெங்களூரு சாலை வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போய்வர 3.5 மில்லிசெகண்ட் கணக்கிலேயே போய்விடும். ஃபைபர் சுற்றிச் செல்லும் தூரமும் நடுவில் உள்ள கருவிகளும் மீதியைத் தின்னும். அளந்து பார்க்காமல் குறித்தால் அது அசம்ப்ஷன்தான். அம்பத்தூரும் சிறுசேரியும் என்றால் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் வர்தா புயலும் ஊர் முழுவதையும்தான் பிடித்தன. ஒரு கட்டடத்தில் தீப்பிடிப்பதற்கு அந்த ஜோடி போதும், புயலுக்குப் போதாது.

நம் ஜவுளிக்கடைக்கு என்ன விடை? 15 நிமிட இழப்பை முதலாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். பெங்களூருக்குச் சற்றுப் பின்தங்கி நகலெடுக்கும் அசிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் போதும், ஒரு மணி நேரத்துக்குள் அங்கே எழுப்பிக் காட்ட முடிந்தால். ஸ்ட்ரெச்டு கிளஸ்டர் கம்பீரமான விடைதான், ஆனால் கேட்காததற்குச் செலவு. "இழப்பு பூஜ்யம்" என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால் மட்டும் கதை மாறும். அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பதில்தான் பாதித் தேர்வு இருக்கிறது.

பயிற்சிக்கு மாதிரி வினாத்தாள்களை மனப்பாடம் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் அலுவலகத்தில் ஓடும் கிளஸ்டரையே எடுத்து, அதற்கான டிசைன் ஆவணத்தைப் பின்னோக்கி எழுதுங்கள். நெட்வொர்க் இணைப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்த ஏன் எல்ஏசிபி, ஏன் லோடு பேஸ்டு டீமிங் இல்லை? ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே எந்த ரிக்வயர்மென்ட், மாற்று என்ன, அவைலபிலிட்டி, மேனேஜபிலிட்டி, பெர்ஃபார்மன்ஸ், ரெக்கவரபிலிட்டி, செக்யூரிட்டி என்ற ஐந்து குணங்களில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று குறியுங்கள். "எப்போதும் இப்படித்தான் போடுவோம்" என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காத இடங்களில்தான் படிக்க வேண்டியது இருக்கிறது.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய பிறகு சான்றிதழ்ப் பெயர்களும் தேர்வு எண்களும் மாறி வருகின்றன. பணம் கட்டுவதற்கு முன் அன்றைய எக்ஸாம் கைடை எடுத்து, பதிப்பு எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல்: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பதிவில் ஒற்றை எழுத்து இருக்கும். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடாமல் போகலாம். கணக்குத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி இருந்தால், தேதி வாங்குவதற்கு முன்பே திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

வணக்கம்.