சாப்பான் முதலில் கணக்கைத்தான் சொன்னார்

(வேதாகம ஞாயிறன்று பக்கத்துச் சேகரம் ஒன்றில், அதாவது பக்கத்துச் சபை வட்டாரத்தில், பேசியது. தம்பி ஒருவர் கைபேசியில் பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டு, இருமலையும் மைக் இரைச்சலையும் மட்டும் நீக்கி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மேடையில் வீற்றிருக்கும் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, நேற்று ராத்திரி ஊரே அடங்கினபிறகு போன் போட்டு "நாளைக்கு நீங்கதான் பேசணும்" என்று அன்பாகக் கட்டளையிட்ட சேகரச் செயலர் அண்ணாச்சி அவர்களே, காணிக்கையை எண்ணி முடித்துவிட்டு இப்போதுதான் உள்ளே வருகிற பொருளாளர் அவர்களே (வாங்க, உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்), பெண்கள் ஐக்கியச் சங்கத் தலைவி அக்கா அவர்களே, நம் வீட்டுப் பண்டிகை எதுவானாலும் தவறாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிற பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, சின்ன வகுப்பில் எனக்குப் பிரம்பாலும் பிரியத்தாலும் தமிழ் சொல்லிக்கொடுத்து, இன்று முன்வரிசையில் காதுக் கருவியைத் திருகியபடி உட்கார்ந்திருக்கிற என் வாத்தியார் ஐயா அவர்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, வெளியே அசன விருந்துக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிற வாலிபர்களே, யாரையாவது விட்டிருந்தால் செயலர் அண்ணாச்சியிடம் கோபித்துக்கொள்ளுங்கள், பட்டியல் அவர் கொடுத்தது.

தலைப்பு நோட்டீசில் இருக்கிறது: விசுவாசியின் வாழ்வில் வேதத்தின் வல்லமை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் வேதவாக்கியங்கள் நான்கு காரியத்துக்குப் பிரயோஜனம் என்கிறார். உபதேசத்துக்கு, கடிந்துகொள்ளுதலுக்கு, சீர்திருத்தலுக்கு, நீதியைப் படிப்பிக்குதலுக்கு. இந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன், நேரம் இருந்தால்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என் பேச்சை முன்பே கேட்டவர்கள் "ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிக்கிறது இங்கேயே தெரிகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கிறிஸ்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சொல்லவேண்டிய பழமொழி இது, நல்லவேளை பெருந்தன்மையாகச் சொல்லாமல் இருக்கிறார்கள். கக்கத்தில் வேதப்புத்தகம், வீட்டில் வாசலுக்கு மேலே வசனம், காரின் பின்கண்ணாடியில் வசனம், கல்யாணப் பத்திரிகையில் வசனம், ஆனால் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு பத்து வருஷமாகக் கோர்ட்டில். சரி, முதல் குறிப்புக்கு வருகிறேன். இல்லை, இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் நல்ல கதை இருக்கிறது.

கடிந்துகொள்ளுதல். இரண்டாம் ராஜாக்கள் 22. யூதாவின் ராஜா யோசியா எட்டு வயதில் பட்டத்துக்கு வந்தவன். பதினெட்டாம் வருஷம், அதாவது அவனுக்கு 26 வயது இருக்கும்போது, ஆலயம் பழுதாகிக் கிடக்கிறதே என்று வேலை நடத்துகிறான். கி.மு. 622 வாக்கில் நடந்தது. சம்பிரதியாகிய, அதாவது அரண்மனை எழுத்தராகிய, சாப்பான் என்கிற ஒரு அதிகாரியை ஆலயத்துக்கு அனுப்புகிறான், எதற்கு? காணிக்கைப் பணத்தை எண்ணி, தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்க. அங்கே பொருளாளர் ஐயா கவனிக்கவேண்டிய ஒரு வசனம் உண்டு, வேலைக்காரரிடம் கணக்கே கேட்கவேண்டாம், அவர்கள் உண்மையாய் நடக்கிறார்கள் என்று ராஜா சொல்கிறான். இதை நம் சேகரக் கமிட்டியில் தீர்மானமாகப் போட்டுவிடாதீர்கள்!

சாப்பான் போன இடத்தில் பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு சுருளைக் கொண்டுவந்து, "நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கர்த்தருடைய ஆலயத்திலே கண்டுபிடித்தேன்" என்கிறார். கண்டுபிடித்தாராம். எங்கே? ஆலயத்துக்குள்ளேயே. தொலைந்துபோனது யாருக்கும் தெரியாது, தேடினதும் யாருமில்லை. யோசியாவின் தாத்தா மனாசே 55 வருஷம் ஆண்டவன், எருசலேமைக் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பினவன் என்று வேதம் சொல்கிறது, அந்தக் காலத்தில் எங்கேயோ தூசிக்குள் போயிருக்கும். பலி நடந்திருக்கிறது, பண்டிகை நடந்திருக்கிறது, காணிக்கைப் பெட்டி நிறைந்திருக்கிறது, புத்தகம் மட்டும் இல்லை. புத்தகம் இல்லாமலும் கோயில் நன்றாகவே ஓடும், அதுதான் பயமாயிருக்கிறது.

சாப்பான் அதை வாசிக்கிறார். வாசித்துவிட்டு ராஜாவிடம் போய் என்ன சொல்கிறார்? கணக்கு. "பணத்தைச் சேர்த்துக் கட்டி, வேலையை விசாரிக்கிறவர்கள் கையில் கொடுத்தாயிற்று." முதலில் அதுதான். வேண்டுமானால் ஒன்பதாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் இப்போதே புரட்டிப் பாருங்கள். அப்புறம், போகிறபோக்கில், ஆசாரியனாகிய இல்க்கியா என்னிடத்தில் ஒரு புஸ்தகத்தைக் கொடுத்தான் என்கிறார். ஒரு புஸ்தகமாம்! நம் கமிட்டிக் கூட்டத்திலும் இதே வரிசைதான். தோப்புக் குத்தகை, மண்டப வாடகை, ஸ்பீக்கர் பழுது, ஜெனரேட்டர் டீசல், எல்லாம் முடிந்து ஆளுக்கு ஆள் எழுந்திருக்கிற நேரத்தில் "ஓய்வுநாள் பாடசாலை பற்றி ஒண்ணு பேசணும்" என்று ஒரு அக்கா கை தூக்குவாள். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பார்கள். நான் எந்தச் சபையையும் சொல்லவில்லை, எல்லாச் சபையையும் சொல்கிறேன்.

சாப்பான் அதை ராஜாவுக்கு முன்பாக வாசிக்கிறார். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து "நல்ல வசனம்" என்று தலையாட்டவில்லை. தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். உடனே விசாரிக்க ஆள் அனுப்புகிறான். உல்தாள் என்கிற ஒரு தீர்க்கதரிசிப் பெண்ணிடம் போகிறார்கள், பிரதான ஆசாரியனே போகிறார், ஐக்கியச் சங்க அக்காமார் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நாட்டில் என்னென்ன இடிந்தது, என்னென்ன எரிந்தது என்று அடுத்த அதிகாரத்தை வீட்டில் போய் வாசியுங்கள். ஏட்டில் இருந்த சுரைக்காய் அன்றைக்குக் கறிக்கு வந்தது.

கதை இன்னும் முடியவில்லை, இலை போடுகிற சத்தம் கேட்கிறது, கொஞ்சம் பொறுங்கள். இருபது வருஷம்கூட ஆகவில்லை. யோசியாவின் மகன் யோயாக்கீம் ராஜா. எரேமியா 36. குளிர்காலம், கணப்பு எரிகிறது, எரேமியா தீர்க்கதரிசி சொல்லி எழுதின சுருளை ஒருவன் வாசிக்கிறான், மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். வசனத்தைக் கேட்டு அப்பன் தன் வஸ்திரத்தைக் கிழித்தான், மகன் வசனத்தையே கிழித்தான். அவ்வளவு சீக்கிரம். ஒரே ஒரு தலைமுறை. அந்த அறையில் "ராஜாவே, எரிக்கவேண்டாம்" என்று கெஞ்சினவர்களில் ஒருவன் கெமரியா. அவன் யார் மகன்? சாப்பானின் மகன்! எரேமியாவைக் கொலைக்கு ஒப்புக்கொடுக்காமல் காப்பாற்றின அகீக்காம், அவனும் சாப்பானின் மகன். கணக்கை முதலில் சொன்ன அந்த மனுஷன் வீட்டில் அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாசித்திருப்பார். பிள்ளைகள் காதில் விழுந்திருக்கும். வேதத்தில் அப்படி எழுதியில்லை, என் ஊகம்தான், ஆனால் பிள்ளைகளைப் பார்த்தால் தெரிகிறதே.

வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, லாட்டரிச் சீட்டு மாதிரி கையை விட்டுத் துழாவி, பிடிக்காத வசனம் வந்தால் இன்னொன்று எடுப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் பிடித்தது எரேமியா 29:11, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும் நினைவுகள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டு, தோட்டம் போடு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு. அட்டையில் அதெல்லாம் அச்சடிக்க இடமில்லை. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோன கைகளில் ஒன்றும் சாப்பானின் மகனுடையது. முழு அதிகாரத்தையும் வாசிக்கிறவனுக்குத்தான் இது தெரியும், அட்டை எடுக்கிறவனுக்குத் தெரியாது.

வேதம் தேற்றும், அதையும் சொல்லவேண்டும். எங்கள் பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. பெரியப்பா தவறின வருஷம், சாயங்காலம் விளக்கு வைத்ததும் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். தெருவில் போகிற எந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு, "ஏலே, நூத்திப் பத்தொம்பதை எடுத்து வாசி" என்பாள். 119-ஆம் சங்கீதம், 176 வசனம்! பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளை இரண்டு மூன்று பாகம் வாசித்துவிட்டு ஒரு முறுக்கு வாங்கிக்கொண்டு போகும். "உமது வேதம் என் மனமகிழ்ச்சியாயிராதிருந்தால், என் துக்கத்திலே அழிந்துபோயிருப்பேன்" என்று 92-ஆம் வசனம் வரும்போது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வாள், இன்னொரு தரம் என்பாள். அந்தத் துக்கத்தில் அவள் அழிந்துபோகவில்லை. கடைசிவரை வயலுக்குப் போனாள், கடனை அடைத்தாள், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள்.

இன்றைக்கு ஒரு பெரியம்மா அதே திண்ணையில் உட்கார்ந்து கூப்பிட்டால் எந்தப் பிள்ளை வாசிக்கும்? கோபித்துக்கொள்ளாதீர்கள், சற்றுமுன் இரண்டாவது பாட்டுக்குத் திரையில் என்ன எழுத்து வந்தது? தமிழ்ப் பாட்டு, இங்கிலீஷ் எழுத்து. பிள்ளைகளுக்காகவாம். ஒரு சபையில் பாடம் வாசிக்க வந்த பையன் தமிழ் வசனத்தைப் பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்து வாசித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். பையனை நான் குறை சொல்லமாட்டேன். நாலாயிரம் பத்தாயிரம் என்று ஃபீஸ் கட்டுகிற நாம், வீட்டில் ஒரு அ ஆ சொல்லிக்கொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், இப்போது ஏடே உதவாமல் போய்க்கொண்டிருக்கிறது.

1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கும்போது இருபதுகளில் இருந்த ஜெர்மன் மிஷனெரி வாலிபன். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். இடையில் கோட்டைக்குள் நாலு மாதம் சிறை. எழுத்து வார்க்க ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் இறந்துபோனார், 36 வயதில். அந்த மனுஷன் மணலில் எழுதினதை நம் பிள்ளை கரும்பலகையில் எழுதக்கூடாதா?

இன்றைய காணிக்கை வேதாகமச் சங்கத்துக்குப் போகிறது. சங்கம் உண்டான கதையில் வேல்ஸ் தேசத்து மேரி ஜோன்ஸ் வருவாள், 1800-இல் காசு சேர்த்துக்கொண்டு ஒரு வேதாகமம் வாங்க பாலா என்கிற ஊருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தவள். அந்த நடையைச் சொல்லாத பிரசங்கியார் இல்லை. அதற்கு முன்னாலேயே அவள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடந்து, அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டாளே, அதை யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் முதலில், நடை அப்புறம்.

மற்ற மூன்று குறிப்பும் பாக்கி. சேகரத் தலைவர் ஐயா கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டார்கள், அவற்றை வேறொரு ஞாயிறு அவர்களே சொல்வார்கள். நான் கேட்கவந்தது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஓய்வுநாள் பாடசாலை அறையில், தமிழ் வாசிப்பு வகுப்பு. பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், எழுத்து தெரியாத பெரியவர்களுக்கு இன்னொரு பக்கம். மார்க்கம் கேட்கமாட்டோம், பஞ்சாயத்துத் தலைவர் அம்மா தெருப் பிள்ளைகள் எல்லாரையும் அனுப்பலாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், நம் பிள்ளைகள் அதில் தொடங்கட்டும், மற்றவர்களுக்குப் பாடப்புத்தகம் போதும். வாத்தியார் ஐயா வரச் சம்மதித்துவிட்டார், பிரம்பு இல்லாமல் வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பொருளாளர் ஐயா, அறைச் சாவி உங்களிடம் இருக்கிறது. ஒரு ட்யூப் லைட் மாற்றவேண்டும், கரும்பலகைக்குக் கறுப்படிக்கவேண்டும், அந்தச் செலவை அடுத்த கமிட்டியில் கடைசியாக வைக்காமல் முதலாவதாக வையுங்கள். பெயர் கொடுக்கிறவர்கள் அசனத்துக்குப் போகிற வழியில் வேப்பமரத்தடி மேஜையில் அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லாதீர்கள், யாரும் வரமாட்டீர்கள்.