குண்டு உள்ளே இறங்கினால் அழுத்தம் ஏறும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிற பலர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (துப்பாக்கியின் ஊசி குத்தியதும் தீப்பொறி தரும் சின்ன மூடி) போட்டு, வெடிமருந்தை எடை பார்த்துக் கொட்டி, தாங்களே வார்த்த ஈயக் குண்டை மேலே வைத்து அழுத்துவார்கள். டெக்ஸாஸில் நானும் பல வருடங்களாக இதைச் செய்கிறேன்.

ஒரு சனிக்கிழமை 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் சுட்டுக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு பெட்டியும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் சத்தம் திடீரென்று கூர்மையாகிவிட்டது. வெற்றுக் கூடுகள் வழக்கத்தைவிடத் தள்ளிப்போய் விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பிரைமரின் உருண்டை விளிம்பு காணாமல் போய், குழி நிறைய தட்டையாகப் பரவியிருந்தது. ஊசி குத்திய இடத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வரப்பு. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

மருந்துதான் கூடிவிட்டது என்று நினைத்தேன். மீதித் தோட்டாக்களில் சிலவற்றைப் பிரித்து மருந்தை நிறுத்தால், எல்லாம் சரியாக 4 கிரெயின், அதாவது கால் கிராம். அப்புறம்தான் பிரிக்காமல் வைத்திருந்தவற்றின் நீளத்தை அளந்தேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது! ஈயக் குண்டில் தடவிய மெழுகு, குண்டை அழுத்தும் அச்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, பின்னால் வந்த குண்டுகளையெல்லாம் ஆழமாக இறக்கியிருக்கிறது. 9 மில்லிமீட்டர் கூட்டில் மருந்து எரிய இருக்கும் இடமே ரொம்பச் சின்னது. அதில் அரை மில்லிமீட்டர் போனாலும் அழுத்தம் எகிறிவிடும். இந்தத் தோட்டாவுக்கு அனுமதித்த எல்லை சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு.

அழுத்தம் கூடியதா என்று பார்க்கப் பிரைமரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். வேறு தோட்டா வகைகளில், .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவுக்கு எல்லை 21,000 பவுண்டு, .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கு 17,000. இவற்றில் எல்லையைத் தாண்டிய பிறகும் பிரைமர் நல்லபிள்ளையாகவே தெரியலாம். ரிவால்வரில் மென்மையான தோட்டாவிலேயே பிரைமர் பின்னால் தள்ளப்பட்டு, கூடு வந்து மோதித் தட்டையாவதும் உண்டு. அதோடு .38 கூடு பெரியது, அதில் மருந்து இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது. குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள்.

ஈயத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்காவிட்டால் குண்டு உள்ளே போகும்போதே சீவப்படும். அந்தச் சீவல் துப்பாக்கிக் குழலின் தொடக்கத்தில் வளையமாக ஒட்டிக்கொண்டு, அடுத்த தோட்டாவின் குண்டைப் பின்னால் தள்ளும். குழலைக் கழற்றித் தோட்டாவை உள்ளே போட்டால் டொக்கென்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். தோட்டாவின் குண்டு முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அழுத்துவதற்கு முன்பும் பிறகும் நீளம் பாருங்கள். குறைந்தால் கூட்டின் பிடி போதவில்லை.

அந்த மூன்றாவது பெட்டியில் மிச்சமிருந்த அத்தனையையும் பிரித்துவிட்டேன். ஈயம் மறுபடி உருக்கும் சட்டிக்குப் போனது. இப்போது பத்துக்கு ஒன்று அளக்கிறேன், ஐம்பதுக்கு ஒருமுறை அச்சைக் கழற்றி மெழுகைத் துடைக்கிறேன்.